கைப்பிடி தளர்ந்தால் உடம்பு என்ன சொல்கிறது? மலையக முதியோரை முன்வைத்து ஒரு விளக்கம்

பீலிக்கரையில் துவைத்த கம்பளியைப் பிழிய இன்னொரு ஆள் வேண்டியிருக்கிறது. தேங்காய்ப் பால் முன்பு போல இறங்குவதில்லை. மருந்துப் போத்தலின் மூடியைத் திறக்கப் பேரப்பிள்ளையைக் கூப்பிட வேண்டியிருக்கிறது. இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களின் லயங்களில், அதாவது வரிசை வீடுகளில், அறுபதைத் தாண்டியவர்களிடம் இதைப் பற்றிக் கேட்டால், "வயசு போயிருச்சு, இனி அப்படித்தான்" என்று பேச்சை முடித்துவிடுவார்கள். வீட்டில் இருப்பவர்களும் அதற்கு மேல் யோசிப்பதில்லை. கிளினிக்குக் கூட்டிப்போனால் பிரஷர் பார்ப்பார்கள், சீனி பார்ப்பார்கள், நிறை பார்ப்பார்கள். கையை இறுக்கிப் பிடிக்கச் சொல்லிப் பார்ப்பது பெரும்பாலும் வழக்கத்தில் இல்லை.

அதையும் பார்க்க வேண்டும் என்பதற்கு வலுவான காரணங்கள் இருக்கின்றன. ஒருவரால் எவ்வளவு அழுத்தமாக ஒன்றைப் பிடிக்க முடிகிறது என்பதை வைத்து, அவருடைய உடம்பு மொத்தமாக எந்த நிலையில் இருக்கிறது என்று ஓரளவு கணிக்கலாம். முதியோர் மருத்துவத்தில் இது நன்றாக நிலைபெற்றுவிட்ட விஷயம். அளப்பதும் சுலபம். டைனமோமீட்டர் என்றொரு கைக்கருவி உண்டு. அதன் பிடியை இறுக்கினால் எத்தனை கிலோ விசை என்று காட்டும். ஊசி குத்த வேண்டாம், வெறும் வயிற்றோடு வரவும் வேண்டாம்.

இந்த அளவுக்கு இத்தனை மதிப்பு வரக் காரணமான ஆய்வுகளில் முக்கியமானது 2015இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வந்தது. 'ப்யூர்' என்ற அந்த ஆய்வில் 17 நாடுகளைச் சேர்ந்த 139,691 பேர் இருந்தார்கள். வயது 35 முதல் 70 வரை. இலங்கை அதில் இல்லை, ஆனால் இந்தியா, பாகிஸ்தான், பங்களாதேஷ் மூன்றும் இருந்தன. முதலில் எல்லோருடைய கைப்பிடி வலுவையும் அளந்துவிட்டு, சுமார் நான்கு ஆண்டுகள் அவர்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். பிடி 5 கிலோ குறைவாக இருந்தால், அந்தக் காலத்துக்குள் இறக்கும் ஆபத்து 16 சதவீதம் கூடுதலாக இருந்தது. மாரடைப்புக்கு 7 சதவீதமும் பக்கவாதத்துக்கு 9 சதவீதமும் கூடியது. யார் இறப்பார்கள் என்று முன்கூட்டிக் கணிப்பதில், நாம் கிளினிக்கில் தவறாமல் பார்க்கும் மேல் பிரஷரைவிடக் கைப்பிடி நன்றாகவே கணித்தது.

இன்னொரு ஆய்வு மலையக வாசகருக்கு இன்னும் நெருக்கமாக இருக்கும். ஹவாய்த் தீவுகளில் வாழும் ஜப்பானிய வம்சாவளி ஆண்கள் 6,089 பேரை 45 முதல் 68 வயதுக்குள் இருந்தபோது அளந்து, 25 ஆண்டுகள் கழித்து அவர்களின் நிலையைப் பார்த்தார்கள். ஹவாய்க்கு ஜப்பானியர் பெருமளவில் போனதே அங்கிருந்த கரும்புத் தோட்டங்களில் வேலைக்குத்தான். நம்மவர்கள் கோப்பிக்கும் தேயிலைக்கும் வந்த மாதிரி. நடுத்தர வயதில் பிடி பலமாக இருந்தவர்கள், முதுமையில் நடப்பதிலும் குளிப்பது, உடுத்துவது போன்ற சொந்த வேலைகளிலும் மற்றவர்களைவிடக் குறைவாகவே சிரமப்பட்டார்கள். 1999இல் இந்த முடிவு வெளியானது. எத்தனை வருஷம் உயிரோடு இருப்போம் என்பதைவிட, கடைசி வருஷங்களில் அடுத்தவர் கையை எதிர்பார்க்காமல் இருப்போமா என்பதுதான் நம் பெரியவர்கள் பலருக்குப் பெரிய கவலை. அதனால் இந்த முடிவைத்தான் நான் கூடுதலாக மதிக்கிறேன்.

சரி, கைக்கும் இதயத்துக்கும் என்ன சம்பந்தம்? கை தனியாகத் தளர்வதில்லை என்பதுதான் பதில். வயது ஏறும்போது உடம்பிலுள்ள தசைகள் எல்லாமே சுருங்குகின்றன. தசையை இயக்கும் நரம்புகளும் குறைகின்றன. சட்டென்று பலம் கொடுக்கும் தசைநார்கள்தான் முதலில் கூடுதலாகப் போகின்றன. இந்தத் தேய்வுக்கு 'சார்கோபீனியா' என்று பெயர். 1980களின் கடைசியில் அமெரிக்க மருத்துவர் இர்வின் ரோசன்பெர்க் வைத்த பெயர் அது. தசையின் அளவைவிட அதன் பலம்தான் வேகமாகக் குறைகிறது. ஆகவே ஆள் மெலியாமல் பருமனாகவே இருந்தாலும் உள்ளே பலம் போயிருக்கலாம். தராசு இதைக் காட்டாது.

தசை என்பது நடக்கவும் தூக்கவும் மட்டும் உள்ளதல்ல. சாப்பிட்ட பிறகு இரத்தத்தில் ஏறும் சீனியில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது தசைதான். தசை குறைந்தால் சீனி வருத்தம் கட்டுக்குள் வருவது கஷ்டம். காய்ச்சல், நிமோனியா, எலும்பு முறிவு என்று ஏதாவது வந்து சாப்பாடு இறங்காமல் படுத்துவிட்டால், உடம்பு தனக்கு வேண்டிய புரதத்தைத் தசையிலிருந்துதான் எடுக்கும். உழைக்கும் காலத்தில் சேர்த்து வைத்து, முடியாத காலத்தில் எடுத்துச் செலவழிக்கும் சேமலாப நிதி மாதிரி அது. எவ்வளவு வேகமாகக் கரையும் என்பதற்கு 2007இல் வந்த ஒரு சின்ன ஆய்வைச் சொல்லலாம். நோய் எதுவும் இல்லாத 12 முதியவர்களைப் பத்து நாள் படுக்கையிலேயே வைத்திருந்தார்கள். அந்தப் பத்து நாளில் கால்களிலிருந்து மட்டும் ஏறக்குறைய ஒரு கிலோ தசை போய்விட்டது. ஆஸ்பத்திரியில் வார்ட்டில் படுத்துவிட்டு வந்த அம்மாயி, நோய் குணமான பிறகும் இஸ்தோப்புப் படியில், அதாவது வாசல் திண்ணைப் படியில், ஏற முடியாமல் நிற்கிறாரே, அதற்குக் காரணம் இதுதான். போகும்போதே கையில் பலம் குறைவாக இருந்தவருக்கு, கரைவதற்கே அதிகம் இருந்திருக்காது.

இங்கே மலையகத்துக்கு மட்டுமே உரிய ஒரு கேள்வி வருகிறது. வாழ்நாள் முழுக்கக் கையால் உழைத்தவர்களுக்குக் கை பலமாகத்தானே இருக்க வேண்டும்?

கொழுந்து பறித்த ஒரு கையைக் கிட்ட வைத்துப் பாருங்கள். ஆட்காட்டி விரலின் ஓரத்திலும் பெருவிரல் நுனியிலும் தோல் தடித்து, வெடிப்புகளுக்குள் சாயக் கறை கறுப்பாக இறங்கியிருக்கும். சவுக்காரம் போட்டுத் தேய்த்தாலும் போகாது. பெருவிரலின் அடி மூட்டு கொஞ்சம் புடைத்திருக்கும். அந்த விரல்கள் ஒரு நாளைக்கு ஆயிரக்கணக்கான முறை மடங்கி நிமிர்ந்திருக்கின்றன. ஆனால் ஒவ்வொரு முறையும் ஒரு தளிரை ஒடிக்கத் தேவைப்பட்ட பலம் மிகக் கொஞ்சம். தசை பலப்பட வேண்டுமென்றால் அதன் எல்லைக்குக் கிட்டப் போகும் அளவுக்குப் பாரம் கொடுக்க வேண்டும், பிறகு ஓய்வும் நல்ல சாப்பாடும் கொடுக்க வேண்டும். கொழுந்து பறிப்பதில் கிடைப்பது வேறு. ஒரே அசைவு திரும்பத் திரும்ப, மழையிலும் குளிரிலும், ஆண்டுக்கணக்கில். அப்படிச் செய்தால் மூட்டும் தசைநாணும் தேயும். மணிக்கட்டில் நரம்பு நசுங்கி இரவில் கை விறைக்கும். தசை பலப்படும் என்று எதிர்பார்க்க முடியாது.

தேயிலைச் செடியை வெட்டிவிடும் கவ்வாத்தும், முள்ளால் மண்ணைக் கிளறும் முள்ளுக் குத்துவதும் பாரமான வேலைதானே, ஆண்களுக்காவது பலம் நிற்குமே என்று தோன்றலாம். இங்கிலாந்தில் ஹெர்ட்போர்ட்ஷயர் என்ற மாவட்டத்தில், ஓய்வு வயதை எட்டிய ஆண்களிடம் இதையே ஆராய்ந்து பார்த்தார்கள். வாழ்நாள் முழுக்கக் கடும் உடலுழைப்பு செய்தவர்களுக்குப் பிடி கூடுதலாக இருக்கவில்லை. சற்றுக் குறைவாகவே இருந்தது. உழைப்பு உடம்பைக் காப்பாற்றும் என்று தோட்டத்தில் பலர் உறுதியாக நம்புகிறோம். உடற்பயிற்சி காப்பாற்றும் என்பது உண்மை. ஆனால் போதிய ஓய்வும் சாப்பாடும் இல்லாத கூலி உழைப்பையும் உடற்பயிற்சியையும் ஒன்றாகப் பேசக் கூடாது.

அதே ஹெர்ட்போர்ட்ஷயரிலிருந்து வந்த இன்னொரு கண்டுபிடிப்பு இன்னும் ஆழமானது. 1911 முதல் அந்த மாவட்டத்தில் பிள்ளை பிறந்ததும் தாதிகள் வீட்டுக்குப் போய், பிறந்தபோது எவ்வளவு நிறை, ஒரு வயதில் எவ்வளவு நிறை என்று பதிவுப் புத்தகத்தில் எழுதி வைத்தார்கள். எத்தல் மார்கரெட் பர்ன்சைட் என்ற தலைமைத் தாதி தொடங்கிவைத்த வேலை அது. பல பத்தாண்டுகள் கழித்து ஆராய்ச்சியாளர்கள் அந்தப் புத்தகங்களைத் தேடி எடுத்து, முதியவர்களாகிவிட்ட அந்தப் பிள்ளைகளின் கைப்பிடியை அளந்தார்கள். நிறை குறைவாகப் பிறந்தவர்களுக்கு முதுமையில் பிடியும் குறைவாக இருந்தது. வளர்ந்த பிறகு எவ்வளவு உயரமாக, எவ்வளவு பருமனாக இருந்தாலும் இந்தத் தொடர்பு முழுதாக மறையவில்லை. தசையின் முதல் கட்டுமானம் தாயின் வயிற்றிலேயே நடந்துவிடுகிறது.

இதை மலையகத்தோடு சேர்த்து வாசிக்கும்போது மனம் கனக்கிறது. இன்று 67, 68 வயதில் இருப்பவர்கள் 1973–74இல் வளர்கிற பிள்ளைகள். நாடு முழுக்க உணவுத் தட்டுப்பாடு, அரிசியும் மாவும் கிடைக்காத காலம். தோட்டங்களில் பட்டினிச் சாவுகளே நடந்தன. 1974இல் தோட்டப்புற இறப்பு வீதம் வெளிப்படையாக ஏறியது. காட்டுக் கீரையும் கிழங்கும் தின்று அந்தக் காலத்தைக் கடந்த உடம்புகள்தான் இன்று கிளினிக் வாங்கில் உட்கார்ந்திருக்கின்றன. அது முடிந்துபோன கதையும் அல்ல. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி தோட்டப்புறத்தில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் 31.7 சதவீதம் பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். நாடு முழுவதற்குமான அளவு 17.3 சதவீதம். ஐம்பது அறுபது வருஷம் கழித்துத் தளரப்போகும் கைகளை இப்போதே அந்த எண்ணில் பார்க்கலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

இனி அளக்கும் முறை. ஆளைக் கதிரையில் நிமிர்ந்து உட்கார வைத்து, முழங்கையைச் செங்கோணத்தில் மடக்கி, பெருவிரல் மேலே பார்க்கக் கருவியைக் கொடுப்பார்கள். "இறுக்குங்க, இன்னும் இறுக்குங்க, விடுங்க" என்று குரல் கொடுப்பதும் முறையின் ஒரு பகுதி. ஊக்கம் கொடுக்காவிட்டால் எண் குறைந்துவிடும். ஒவ்வொரு கைக்கும் இரண்டு மூன்று முறை பார்த்து, வந்ததில் உயர்ந்ததை எடுத்துக்கொள்வார்கள். கை சின்னதாக இருந்தால் பிடியின் அகலத்தைக் குறைக்க வேண்டும், இல்லாவிட்டால் நம் பெண்களுக்கு அநியாயமாகக் குறைந்த எண் வரும். நுவரெலியாவில் மார்கழி, தை மாதக் காலையில் விறைத்த கையோடு வந்தவரை உடனே அளப்பதும் சரியல்ல. ஒரு தேத்தண்ணி குடித்துக் கை சூடேறட்டும்.

ஆசிய நாடுகளுக்கான சார்கோபீனியா நிபுணர் குழு 2019இல் வகுத்த எல்லைப்படி ஆணுக்கு 28 கிலோவுக்கும் பெண்ணுக்கு 18 கிலோவுக்கும் கீழே இருந்தால் பிடி பலவீனம். ஐரோப்பியக் குழுவின் எல்லை 27, 16. ஒப்பீட்டுக்குச் சொன்னால், பிரித்தானியாவில் உச்ச வயதில், அதாவது முப்பதுகளை ஒட்டி, நடுத்தர அளவு ஆணுக்கு 51 கிலோ, பெண்ணுக்கு 31 கிலோ. தெற்காசியர்களுக்குத் தொடக்கத்திலேயே குறைவு என்பது ப்யூர் ஆய்விலும் தெரிந்தது. அதனால் ஒரு எண்ணைப் பார்த்ததும் பயந்துவிட வேண்டியதில்லை. குள்ளமான, மெலிந்த உடல்வாகுள்ள ஒருவருக்குப் பிறவியிலேயே சற்றுக் குறைவாக இருக்கலாம். பெருவிரல் மூட்டுத் தேய்வு உள்ளவர் வலியால் இறுக்காமல் விட்டிருக்கலாம். சீனி வருத்தத்தால் நரம்பு கெட்டிருக்கலாம். ஒரே ஒரு முறை வந்த எண்ணைவிட, போன வருஷம் எவ்வளவு, இந்த வருஷம் எவ்வளவு என்பதுதான் கூடுதல் சேதி சொல்லும்.

ஒரு விஷயத்தை இதோடு குழப்பிக்கொள்ளக் கூடாது. காலையில் நன்றாக இருந்த கை திடீரென்று ஒரு பக்கம் மட்டும் பிடி இழந்தால், கையிலிருந்த கோப்பை நழுவினால், வாய் கோணினால், பேச்சுக் குழறினால் அது பக்கவாதமாக இருக்கலாம். எண்ணெய் தேய்த்துக்கொண்டு விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே 1990க்கு அழையுங்கள், சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். தோட்டத்துப் பாதை மோசமென்றால், அம்புலன்ஸ் வருவதற்குள் பெரிய றோட்டுக்கு ஆளை எப்படிக் கொண்டுவருவது என்பதையும் அதே நேரத்தில் ஏற்பாடு செய்துவிடுங்கள்.

டைனமோமீட்டர் இல்லாத இடத்தில் என்ன செய்வது? கால் பலத்தைப் பார்க்கலாம். அதே ஆசியக் குழு ஏற்றுக்கொண்ட பரிசோதனை ஒன்று எந்தக் காம்பராவிலும் (லயத்து அறையிலும்) செய்யக் கூடியது. கை வைக்காத சாதாரண உயரக் கதிரையை வழுக்காதபடி சுவரோடு அணைத்துப் போடுங்கள். பெரியவர் இரண்டு கைகளையும் நெஞ்சில் குறுக்கே கட்டிக்கொண்டு, எவ்வளவு வேகமாக முடியுமோ அவ்வளவு வேகமாக ஐந்து முறை எழுந்து உட்காரட்டும். போனில் நேரம் பாருங்கள். 12 விநாடியோ அதற்கு மேலோ எடுத்தால் கவனிக்க வேண்டும். பக்கத்தில் ஒருவர் நிற்பது கட்டாயம். முழங்கால் வலியோ தலைச்சுற்றோ இருந்தால் வேண்டாம்.

பிடி தளர்ந்திருக்கிறது என்று தெரிந்தால் பலர் உடனே யோசிப்பது, ரப்பர் பந்தைக் கையில் கொடுத்து அமுக்கச் சொல்வதைத்தான். அதனால் கை கொஞ்சம் தேறலாம், எண்ணும் ஏறலாம். ஆனால் காலுக்கு அது எதையும் செய்துவிடாது. பிடி என்பது உடம்பின் நிலையைக் காட்டும் அறிகுறி. மாற வேண்டியது உடம்பு முழுவதும், அதிலும் முக்கியமாகத் தொடையும் இடுப்பும்.

மாறுமா என்றால், மாறும். இதற்கான சான்று 1990இலேயே வந்துவிட்டது. அமெரிக்காவில் பாஸ்டனில் ஒரு முதியோர் இல்லத்தில், சராசரியாக 90 வயதான பத்துப் பேருக்கு மரியா ஃபியாடரோன் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் எட்டு வாரம் கால்களுக்குப் பாரப் பயிற்சி கொடுத்தார்கள். பயிற்சியை முடித்தவர்களின் கால் பலம் சராசரியாக 174 சதவீதம் கூடியது. தொண்ணூறு வயதில்! "இனி என்னத்தைச் செய்ய" என்று சொல்லும் எழுபது வயதுக்காரருக்கு இதைத்தான் முதலில் சொல்ல வேண்டும்.

வீட்டில் தொடங்க ஜிம் வேண்டியதில்லை. கதிரையிலிருந்து மெல்ல எழுந்து மெல்ல உட்காருவது, பத்துத் தடவை, கொஞ்சம் ஓய்வு, மறுபடி பத்து. லயத்துப் படியில் ஒரு காலை வைத்து ஏறி இறங்குவது. தண்ணீர் நிரப்பிய ஒன்றரை லீற்றர் போத்தலை இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டு முற்றத்தில் நடப்பது. அப்படி நடந்தால் கைப்பிடிக்கும் சேர்த்தே பயிற்சி. வாரத்தில் இரண்டு மூன்று நாள் போதும், ஆனால் இலகுவாகிப் போனதும் பாரத்தைக் கூட்ட வேண்டும். மூச்சை அடக்கிக்கொண்டு தூக்கக் கூடாது. பிரஷர் கட்டுக்குள் இல்லாதவர்களும் நெஞ்சு வலி உள்ளவர்களும் டாக்டரிடம் கேட்டுவிட்டுத் தொடங்கட்டும்.

சாப்பாடு சரியில்லாமல் பயிற்சி மட்டும் செய்தால் பலன் வராது. முதியவர்களுக்கு உடல் நிறையின் ஒவ்வொரு கிலோவுக்கும் நாளொன்றுக்கு 1 முதல் 1.2 கிராம் புரதம் வேண்டும் என்பது நிபுணர்களின் பரிந்துரை. 45 கிலோ நிறையுள்ள ஒரு அம்மாவுக்கு இது 45 முதல் 54 கிராம். காலையில் ரொட்டியும் சம்பலும் சாயத்தண்ணியும், மத்தியானம் சோறும் ஒரு கறியும், இரவுக்கு மறுபடி ரொட்டி என்று போனால் இந்த அளவை எட்டுவது சிரமம். ஒரு முட்டையில் சுமார் 6 கிராம். 50 கிராம் மைசூர் பருப்பில் சுமார் 12 கிராம். நெத்தலிக் கருவாடு, கௌப்பி, கடலை, சோயா மீட் எல்லாம் நல்லவை, மலையகக் கடைகளில் கிடைப்பவையும்கூட. விலைதான் பிரச்சினை. அதோடு, முட்டை ஒன்று இருந்தால் அதைப் பிள்ளைக்கு வைத்துவிட்டு வெறும் சோற்றைச் சாப்பிடும் வழக்கம் நம் வீட்டுப் பெரியவர்களுக்கு உண்டு. வீட்டுக்கு இரண்டு முட்டை வாங்க வழியிருந்தால் அதில் ஒன்று அம்மாயிக்கு என்று மகனோ மருமகளோ வாய்விட்டுச் சொல்ல வேண்டும். சிறுநீரக வருத்தம் உள்ளவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும், அவர்கள் டாக்டர் சொன்னபடி சாப்பிட வேண்டும்.

இவ்வளவையும் குடும்பத்தின் தலையில் மட்டும் போட்டுவிட முடியாது. நாடு வேகமாக முதுமையடைகிறது. 2012 கணக்கெடுப்பில் 65 வயதைத் தாண்டியவர்கள் 7.9 சதவீதம், 2024இல் 12.6 சதவீதம். மலையகத்தில் இளையவர்கள் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் வேலைக்குப் போய்விட, பேரப்பிள்ளைகளை வளர்ப்பதும் விறகும் தண்ணீரும் பார்ப்பதும் பாட்டிமார்தான். ஓய்வு பெற்ற பிறகும் கைக்காசுக்குக் கொழுந்து எடுக்கப் போகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களில் ஒருவர் விழுந்து இடுப்பு முறிந்தால் அந்த வீட்டின் ஏற்பாடே குலைந்துபோகும்.

அரசின் ஆரோக்கிய வாழ்க்கை நிலையங்களில் 35 வயதைத் தாண்டியவர்களுக்கு ஏற்கனவே பிரஷர், சீனி, உயரம், நிறை எல்லாம் பார்க்கிறார்கள். நல்ல டைனமோமீட்டர் பிரஷர் கருவியைவிட விலை கூடியது என்பது உண்மைதான். ஆனால் ஒரு கருவியை ஒரு சுகாதார வைத்திய அதிகாரி பிரிவு முழுக்க மாற்றி மாற்றிக் கொண்டுபோகலாம், பல வருஷம் உழைக்கும். தோட்ட டிஸ்பென்சரிகளுக்குக் கருவி வரும்வரை கதிரையும் ஒரு கடிகாரமும் போதும். கிளினிக் கொப்பியில் பிரஷர் எழுதும் வரிக்குக் கீழே பிடி எத்தனை கிலோ, எழுந்து உட்கார எத்தனை விநாடி என்று இன்னொரு வரி சேர்க்க வேண்டும், அவ்வளவுதான்.

எப்போது தொடங்குவது என்று கேட்டால், என் பதில் ஓய்வு பெறும் நாள். அதுவரை தினமும் மலை ஏறி இறங்கிய கால்கள் அன்றோடு திடீரென்று நின்றுபோகின்றன. கணக்கு முடிக்கும் கடுதாசிகளை நிரப்ப ஆபீசுக்குப் போகும் அந்த வாரத்திலேயே ஒரு தடவை பிடியையும் கால் பலத்தையும் அளந்து எழுதி வைத்துவிட்டால், அடுத்த வருஷம் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு எண் கையில் இருக்கும்.